மூன்று கால் சாமான்களும் ஒரு கூப்பிடு மணியும்

1. எள்ளு ரெசிஸ்டர்

சர்க்கிட் வரையும் மென்பொருளை வகுப்பில் முதன்முதலாகத் திறந்த அன்றே சுகந்தி என்னை மடக்கிவிட்டாள். மன்னார் நகரத்தில் பெரியவர்களுக்கான தொழிற்பயிற்சி வகுப்பு அது. நான் அங்கே இலத்திரனியல் படிப்பித்தேன். சுகந்தி நறுவிலிக்குளத்தில் வயல் செய்கிற குடும்பத்துப் பெண், இரண்டு பிள்ளைகளின் தாய். கிணற்றில் தண்ணீர் இல்லாமல் ஓடி அவர்களுடைய மோட்டர் ஒருமுறை எரிந்து போயிருந்தது. தண்ணீர் வற்றினால் மோட்டரைத் தானாக நிற்பாட்டும் சர்க்கிட் பலகை ஒன்றைத் தன் கையால் செய்ய வேண்டும் என்பதற்காகவே பஸ் ஏறி வந்து படித்தாள்.

மென்பொருளில் குறை சொல்ல ஒன்றுமில்லை. இலவசம். யாரும் உள்ளே போய்ப் பார்க்கலாம், திருத்தலாம், தங்கள் பங்கைச் சேர்க்கலாம். அதற்குள் சாமான்களின் லைப்ரரி ஒன்று இருக்கிறது. ஒவ்வொரு சாமானுக்கும் இரண்டு படம். சர்க்கிட்டில் கோடு போட்டு இணைப்பதற்கு ஒரு குறியீடு. பலகையில் அதன் கால்கள் இறங்கும் ஓட்டைகளைக் காட்டுவதற்கு ஒரு ஃபுட்பிரின்ட். இரண்டையும் சரியாகத் தெரிவு செய்தால் பலகை வரும். பிழையாகத் தெரிவு செய்தாலும் பலகை வரும், அங்கேதான் சிக்கல்.

சுகந்தி ரெசிஸ்டர் என்று தேடினாள். திரை நிரம்ப வந்து விழுந்தது. எதை எடுப்பது என்று தெரியாமல் முதலில் நின்றதைத் தட்டினாள். பலகையை அச்செடுத்துப் பார்த்தால் ஓட்டையே இல்லை. எள்ளுப் போல இரண்டு புள்ளிதான் இருந்தது. தொழிற்சாலையில் மெஷின் ஒட்டுகிற வகை அது.

"மிஸ், இதுக்கை காலை எங்கை விடுறது?"

"இதுக்குக் கால் இல்லை, சுகந்தி."

"கால் இல்லாட்டி அது எப்பிடி மிஸ் நிக்கும்?"

வகுப்பு சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவள் கேட்டதில் ஒரு பிழையும் இல்லை. உலகத்தில் உள்ள ரெசிஸ்டர் எல்லாவற்றையும் ஒருத்தியின் முன்னால் கொட்டிவிட்டு, நல்லதாக ஒன்றை எடு என்று சொன்னவள் நான்தான். அன்றைக்கு வகுப்பை அரைவாசியில் நிறுத்திவிட்டு எல்லோருக்கும் தேநீர் குடிக்க விடுதலை கொடுத்தேன்.

2. அன்ரனின் லாச்சிகள்

என் கணவர் அன்ரனுக்கு பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ரேடியோ, ரிவி திருத்துகிற கடை இருந்தது. பேசாலை என்ற கடற்கரை ஊர் ஆள். தகப்பனும் தமையன்மாரும் கடலுக்குப் போக, இவர் மட்டும் கடல் காற்றில் பழுதான ரேடியோக்களோடு கரையில் உட்கார்ந்துவிட்டார். கரகரத்த தொண்டை. கலியாணத்துக்கு முதல் என்னை "ரீச்சர்" என்று கூப்பிட்டவர், கலியாணத்துக்குப் பிறகும் அதை விடவில்லை. மற்ற எல்லோருக்கும் நான் மிஸ். ரீச்சர் என்று கூப்பிட ஒரே ஒரு ஆள்தான் இருந்தார்.

அன்று மாலை கடைக்குப் போய்ச் சுகந்தியின் கதையைச் சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டுச் சிரித்தார்.

"நீர் பிள்ளையளுக்குச் சந்தையைக் காட்டுறீர் ரீச்சர். அதுகளுக்கு ஒரு லாச்சி போதும்."

அவருடைய கடைச் சுவரில் ஒரு பெரிய அலுமாரி. அது முழுக்க இழுத்துத் திறக்கிற சின்னச் சின்ன லாச்சிகள். பழைய ரிவியில், யூபிஎஸ்ஸில், எரிந்துபோன பல்ப்பில் இருந்து கழற்றிய சாமான்கள் அதில் வகை வகையாகக் கிடந்தன. மன்னாரில் ஒருவருக்குக் கையில் கிடைக்கக்கூடியவை எல்லாம் அந்த அலுமாரிக்குள் அடங்கும். லைப்ரரியும் அந்த அளவுதான் இருக்க வேண்டும் என்று நாங்கள் முடிவெடுத்தோம்.

பின்னேரங்களில் அவர் லாச்சியைத் திறந்து அளந்து சொல்ல, நான் மடிக்கணினியில் வரைவேன். சண்டை பிடிக்காமல் ஒரு சாமானும் உள்ளே போகவில்லை. முதல் சண்டை பெயருக்கு. பாடப்புத்தகத்தில் தடையி, கொள்ளளவி, இருவாயி. கடையில் ரெசிஸ்டர், கண்டென்சர், டயோட். நான் புத்தகத்துப் பக்கம், அவர் கடைப் பக்கம். கடைசியில் எந்தப் பெயரைத் தேடினாலும் ஒரே சாமான் வரும்படி செய்தேன். அவர் இன்னும் ஒன்று கேட்டார்.

"எதுக்குள்ளையிருந்து கழட்டலாம் எண்டும் எழுதும். ஆள் கடைக்கு வராமல் தன்ரை வீட்டுக் குப்பைக்கையே எடுக்கட்டும்."

"பிறகு உங்கடை வியாபாரம்?"

"அது எப்பவோ படுத்திட்டுது. நீர் எழுதும்."

அடுத்த சண்டை ஓட்டைக்கு. அதைச் சுற்றி, ஈயம் உருக்கிக் காலை ஒட்டுகிற செம்பு வளையம் பெரிதாக இருக்க வேண்டும் என்றார் அவர். பெரிதாக வைத்தால் பக்கத்துக் கோட்டோடு முட்டும் என்றேன் நான்.

"கோட்டைத் தள்ளிப் போடலாம். கை நடுங்கிற ஆளுக்கும் ஈயம் பிடிக்கோணும் ரீச்சர். பழகேக்கை எல்லாருக்கும் கை நடுங்கும்."

வளையத்தைப் பெரிதாக்கினேன். யாருடைய கைக்காக அதைச் செய்கிறேன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

3. சொல் போனது

ஒரு காலை கடையில் இருந்தபடியே அவருக்குப் பாரிசவாதம் வந்தது. ஃபேனைத் திருத்தக் கொண்டுவந்த ஒருவர் என்னென்ன சாமான் மாற்ற வேண்டும் என்று கேட்டிருக்கிறார். அன்ரன் வாய் திறந்து "அது, அது" என்று மட்டும் சொல்லியிருக்கிறார். விளையாடுகிறார் என்று அந்த மனிதர் நினைத்துக்கொண்டு நின்றிருக்கிறார். கையில் இருந்த ஸ்குரூட்ரைவர் கீழே விழுந்த பிறகுதான் விளங்கியிருக்கிறது.

ஆஸ்பத்திரியில் உயிரைக் காப்பாற்றித் தந்தார்கள். வலது கை பாதிக்கு மேல் போய்விட்டது. கால் மெதுவாகத் திரும்பியது. பேச்சு திரும்பவில்லை. மிஞ்சியது மூன்று சொல். ஓம், இல்லை, அது. என்னைக் கூப்பிடும் சொல்லும் போனவற்றோடு போய்விட்டது. என்னைப் பார்த்து வாயைத் திறப்பார், உதடு ஏதோ ஒரு எழுத்தைத் தேடும், பிறகு "அது" என்பார். அந்த நேரம் அவருடைய கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியம் இருக்காது.

பேச்சுச் சிகிச்சை செய்யும் பெண் படம் போட்ட அட்டைகள் தந்தாள். கோப்பை, மாடு, வீடு, பூ. காட்டிக் காட்டிப் பழக்குங்கோ, மெதுவாக வரும் என்றாள். அன்ரன் மாட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், அட்டையை மேசைக்குக் கீழே தள்ளிவிட்டார். பல்லில்லாத பிள்ளையைப் போலத் தன்னை நடத்துவது அவருக்குப் பிடிக்கவில்லை.

எனக்கு அவர் இனிப் பேசமாட்டார் என்பதைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. உள்ளே ஆள் இருக்கிறாரா இல்லையா என்ற பயம். ஓம் என்கிறார், ஆனால் கேட்டது விளங்கித்தான் ஓம் என்கிறாரா? ரேடியோவுக்கு ஸ்பீக்கர் போனால் மாற்றிப் பார்க்கலாம். உள்ளே எல்லாம் எரிந்துபோயிருந்தால்? டொக்டரிடம் கேட்டேன். பொறுத்துப் பாருங்கோ அம்மா என்றார். அவராலும் வேறு என்ன சொல்ல முடியும்?

மாடும் பூவும் வேண்டாம் என்றால் அவருக்குத் தெரிந்ததைக் காட்டுவோம் என்று நினைத்தேன். நாங்கள் செய்த லைப்ரரியில் இருந்து ஒவ்வொரு சாமானின் ஃபுட்பிரின்ட்டையும் பெரிதாக அச்செடுத்து வெட்டி, கதிரைக்கு முன்னால் மேசையில் பரப்பினேன். அவர் முதல் தடவையாகக் குனிந்து பார்த்தார்.

4. மறுபக்கம்

ரெசிஸ்டரைக் காட்டி, "இது ரெசிஸ்டர், சரியோ?" என்றேன். "ஓம்" என்றார். டயோட். "ஓம்." டிரான்சிஸ்டரைக் காட்டினேன். மூன்று ஓட்டை, ஒரு பக்கம் தட்டையான அரைவட்டம், ஒவ்வொரு காலுக்கும் பெயர்.

"இல்லை."

"டிரான்சிஸ்டர்தானே இது. நீங்கள்தான் அளந்து தந்தனீங்கள்."

"இல்லை. இல்லை."

அடுத்த டிரான்சிஸ்டருக்கும் இல்லை. ரெகுலேட்டருக்கும் இல்லை. இரண்டு கால் உள்ளதெல்லாம் ஓம், மூன்று கால் உள்ளதெல்லாம் இல்லை. நாளுக்கு நாள் இதுதான். வற்புறுத்தினால் இடது கையால் மேசையில் குத்துவார். இரண்டுக்கு மேல் எண்ணவும் ஏலாத நிலைக்குப் போய்விட்டார் என்றுதான் நான் நினைத்தேன். சமையலறையில் போய் நின்று அழுதேன். கடவுளோடும் கோபித்தேன், அதை மறைப்பதற்கில்லை. இந்த மனிதரின் காலை எடுத்திருக்கலாம், மற்றக் கையையும் எடுத்திருக்கலாம், அந்த மூளையை ஏன் எடுத்தாய் என்று கேட்டேன்.

அந்த நாட்களில்தான் வகுப்பில் சுகந்தியும் தன் பலகையைச் செய்து முடித்தாள். எங்கள் லைப்ரரியில் இருந்தே சாமான் எடுத்து வரைந்து, அச்சை அயன் பண்ணிச் செம்பில் ஒட்டி, மிச்சச் செம்பைக் கரைத்து எடுத்து, ஈயமும் அழகாகப் பிடித்திருந்தாள். வேலை செய்யவில்லை. பார்த்தால் டிரான்சிஸ்டர் இரண்டும் திரும்பி நின்றன. வகுப்பில் இன்னும் பலருக்கு அதே பிழை இருந்தது. கவனக்குறைவு என்று சொல்லிவிட்டு வீட்டுக்குப் போனேன். எனக்கு எதையும் யோசிக்கிற மனநிலை இல்லை.

வீட்டில் அன்ரன் ஜன்னலுக்குப் பக்கத்தில் கதிரையில் இருந்தார். கையில் டிரான்சிஸ்டர் தாள். நான் வருவதைக் கண்டதும் "அது, அது" என்று கூப்பிட்டார். தாளைத் தூக்கி, அச்சடித்த பக்கத்தைத் தனக்கு மறுபக்கமாகத் திருப்பி, ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்தார். மை பின்னால் தெரிந்தது. வலம் இடமாக, இடம் வலமாக.

"ஓம்," என்றார். தாளை இப்பக்கம் திருப்பினார். "இல்லை." மறுபடி அப்பக்கம். "ஓம்."

நான் பையைக் கூடக் கீழே வைக்கவில்லை. அப்படியே நிலத்தில் இருந்துவிட்டேன்.

மென்பொருள் பலகையை மேலிருந்து காட்டுகிறது, சாமான் நிற்கிற பக்கத்தில் இருந்து. படித்தவர்கள் வரைகிற முறை அது. ஆனால் திருத்துகிறவர் பலகையைக் கையில் எடுத்ததும் கவிழ்ப்பார். ஈயம் இருக்கிற அடிப்பக்கத்தைத்தான் வாழ்நாள் முழுக்கப் பார்க்கிறார். இரண்டு கால் சாமானுக்கு எந்தப் பக்கமும் ஒன்றுதான். மூன்று கால் சாமானுக்கு அடியில் இருந்து பார்த்தால் காலின் ஒழுங்கு மாறும். லைப்ரரி செய்தபோது அவர் அளவு சொன்னாரே தவிர, திரையைப் பார்த்ததே இல்லை. மேலிருந்து வரைந்த படத்தைத் தன் கண்ணால் பார்த்தது இப்போதுதான். கால்கள் பிழையாக நிற்கின்றன என்று நாள்தோறும் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்திருக்கிறார்.

உள்ளே ஒன்றும் எரியவில்லை. முழு அன்ரனும் உள்ளேதான் இருந்தார். வெளியே வர வழியில்லாமல் இருந்தார். அது சந்தோஷமான செய்தி என்று நீங்கள் நினைக்கலாம். எனக்கும் சந்தோஷமாகத்தான் இருந்தது. ஆனால் அவ்வளவு நாளும் தனியாக உள்ளே இருந்திருக்கிறாரே என்று நினைக்க, அதுவரை அழுததைவிடக் கூட அழுகை வந்தது.

மறுநாள் சுகந்தியிடம் ஈயம் பிடிக்க எங்கே பழகினாய் என்று கேட்டேன்.

"முருங்கன் ஊரிலை எங்கடை அண்ணை ரேடியோ திருத்துறவர் மிஸ். அவற்றை கடையிலைதான். ஏன் மிஸ்?"

"பலகையை எந்தப் பக்கத்தாலை பார்த்துக் காலை விட்டனீ?"

அவள் பலகையைக் கையில் எடுத்தாள். கேள்வியைக் கூட யோசிக்காமல் கவிழ்த்தாள். எனக்குப் பதில் கிடைத்துவிட்டது.

ஃபுட்பிரின்ட்டையே திருப்பி வரைய முடியாது. அப்படிச் செய்தால் வெளியே கொடுத்துச் செய்விக்கும் பலகை எல்லாம் பிழைத்துவிடும். எனவே ஒவ்வொரு மூன்று கால் சாமானுக்கும் பக்கத்தில் இரண்டாவது படம் ஒன்று சேர்த்தேன். அடியில் இருந்து பார்த்தால் கால்கள் எப்படி நிற்கும் என்ற படம். பலகையில் அச்சாகாது, திரையிலும் தாளிலும் மட்டும் தெரியும். எல்லோரும் பாவிக்கட்டும் என்று மென்பொருளோடு சேர்க்க அனுப்பினேன். வேறு நாட்டில் இருந்த அதன் லைப்ரரிப் பொறுப்பாளர், இதை யாருக்காகச் சேர்த்தீர்கள், வழக்கத்தில் இல்லையே என்று எழுதிக் கேட்டார். இங்கே படிப்பவர்கள் திருத்துகிறவர்களிடம் பழகியவர்கள், அவர்கள் பலகையைக் கவிழ்த்துத்தான் பார்ப்பார்கள் என்று எழுதினேன். அன்ரனைப் பற்றி எழுதவில்லை. நல்ல யோசனை என்று ஏற்றுக்கொண்டார்.

5. கூப்பிடு மணி

அதற்குப் பிறகு அவர் அந்த அட்டைகளோடுதான் இருந்தார். அடிப்பக்கப் படமாகவே எல்லாவற்றையும் புதிதாக அச்செடுத்துக் கொடுத்தேன். ஒரு நாள் இடது கையால் ஒவ்வொன்றாக நகர்த்தி மேசையில் ஒரு ஒழுங்குக்கு வைத்தார். பற்றரி. விரலால் அமத்துகிற சுவிட்ச். டிரான்சிஸ்டர் இரண்டு, எதிரும் புதிருமாக. நாலு ரெசிஸ்டர், இரண்டு கண்டென்சர், ஒரு ஸ்பீக்கர். இடையில் கோடு போட என் பேனையைக் கை நீட்டி வாங்கினார்.

பார்த்ததும் எனக்குத் தெரிந்தது. சுவிட்சை அமத்தினால் சத்தம் வரும் சர்க்கிட். திருத்தும் தொழில் பழகும் எல்லோரும் முதலில் செய்வது. பழைய நினைவில் விளையாடுகிறார் என்று நினைத்து, அவருடைய சந்தோஷத்துக்காக மென்பொருளில் வரைந்து, பலகையும் செய்தேன். ஈயம் பிடிக்கும்போது ஈயம் உருக்கும் சூட்டிரும்பைத் தானே பிடிக்க வேண்டும் என்று கை நீட்டினார். இடது கை நடுங்கியது. நான் பலகையை அசையாமல் பிடித்துக்கொண்டேன். வளையம் பெரிதாக இருந்ததால் ஈயம் பிடித்தது.

கண்டென்சர்தான் அவருக்குத் திருப்தியாக வரவில்லை. முதலில் போட்டதற்குச் சத்தம் கீச்சென்று வந்தது. "இல்லை." பெரியது ஒன்று போட்டேன். "இல்லை." கடைக்குப் போய் லாச்சியோடு தூக்கிக்கொண்டு வந்தேன். கடைசியாகப் போட்டதற்குச் சத்தம் தாழ்ந்து கரகரத்து வந்தது. வாசலில் படுத்திருந்த கழுதை எழுந்து போனது. அன்ரன் சிரித்தார். "ஓம்," என்றார்.

பலகையைக் கதிரையின் கைப்பிடியில் கட்டிவிட்டு நான் சமைக்கப் போனேன். மணி அடித்தது. ஓடி வந்து, "என்ன வேணும்?" என்றேன். தண்ணீரைக் காட்டினேன். "இல்லை." மருந்து? "இல்லை." திரும்பிப் போனேன். மறுபடி அடித்தது. வந்தேன். கேட்டதற்கெல்லாம் இல்லை என்றார். கறி அடிப்பிடிக்கிறது என்று கொஞ்சம் எரிச்சலோடு திரும்பும்போது மறுபடியும் அடித்தது. வாசலிலேயே நின்று திரும்பிப் பார்த்தேன். அவர் சுவிட்சில் இருந்து விரலை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். உதடு எந்த எழுத்தையும் தேடவில்லை.

"என்னையோ கூப்பிட்டனீங்கள்?"

"ஓம்."

"ரீச்சர் எண்டோ?"

"ஓம். ஓம்."

அடுப்பை அணைத்துவிட்டு வந்து பக்கத்தில் இருந்தேன். அதற்குள் கறி கருகித்தான் போயிருந்தது.

அதற்குப் பிறகு வீட்டில் எந்தப் பக்கம் நின்றாலும் அந்தக் கரகரத்த சத்தம் வரும், நான் "வாறன்" என்பேன். சும்மாதான் கூப்பிடுவார். சில நேரம் எனக்கு அலுப்பாக இருக்கும், அப்போதும் வாறன் என்று சொல்லிவிட்டுத்தான் தாமதிப்பேன். இரண்டாம் முறை வாதம் வந்தபோது அவர் நித்திரையில் இருந்தார். மணி அடிக்க நேரம் கிடைக்கவில்லை. பேசாலையில், தகப்பனுக்குப் பக்கத்தில், சேமக்காலையில் அடக்கம் செய்தோம். வீட்டுக்கு வந்து கதிரையைப் பார்த்தேன். பலகை அப்படியே கட்டியிருந்தது. பற்றரியைக் கழற்ற எனக்கு மனம் வரவில்லை. அது தானாகவே இறங்கிப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

லைப்ரரியோடு பழகுவதற்கு மாதிரிச் சர்க்கிட் ஒன்று வைப்பது வழக்கம். எல்லோரும் லைட் மினுக்குகிறதைத்தான் வைப்பார்கள். நான் அவருடைய மணியை வைத்தேன். அதே டிரான்சிஸ்டர், அதே கண்டென்சர். சத்தம் கொஞ்சம் கரகரப்பாக இருக்கிறது, சின்னக் கண்டென்சர் போட்டால் தெளிவாக வருமே என்று பொறுப்பாளர் எழுதினார். அவர் சொன்னது சரி. மாற்ற வேண்டாம் என்று மட்டும் பதில் எழுதினேன். காரணம் கேட்காமல் விட்டுவிட்டார், அந்த நல்ல மனிதர்.

இந்தத் தொழிலுக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் சொல்ல நினைப்பது இதுதான். புதிதாகப் படிக்கிற ஒருவருக்காக எதைச் செய்தாலும், அவர் எந்தப் பக்கத்தில் இருந்து பார்க்கிறார் என்று முதலில் பாருங்கள். இல்லை என்று ஒருவர் திரும்பத் திரும்பச் சொன்னால், அவருக்கு விளங்கவில்லை என்று முடிவுகட்டிவிட வேண்டாம். தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். நான் பிடிக்கவில்லை. அவரேதான் பிடித்துக் காட்ட வேண்டியிருந்தது.

ஓய்வு பெற்ற பிறகும் இடைக்கிடை வகுப்புக்குப் போகிறேன். இப்போது அங்கே படிப்பிப்பது சுகந்தி. அவளுடைய மோட்டர்ப் பலகை நறுவிலிக்குளத்தில் இன்றைக்கும் வேலை செய்கிறது. புதிதாக வந்தவர்கள் முதல் பலகையைச் செய்து முடிக்கிற நாளில் வரச்சொல்லி எனக்குச் சொல்லி அனுப்புவாள். கடைசி வரிசைக் கதிரையில் இருப்பேன். யாரோ ஒருவர் ஈயம் பிடித்து முடித்து, வேலை செய்யுமோ என்ற பயத்தோடு சுவிட்சை அமத்துவார். அந்தக் கரகரத்த சத்தம் வரும். எல்லோரும் கை தட்டுவார்கள். எத்தனை முறை கேட்டாலும் எனக்குப் பழகவில்லை. கதிரையில் இருந்து பாதி எழும்பிவிடுவேன், "வாறன்" என்று வாயில் வந்துவிடும்.